ரத்தப் புற்று: ஈறுக் கசிவும் எலும்பு வலியும், வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி (அம்பாசமுத்திரம்): அப்பாவுக்கு கீமோ நிறுத்தியாச்சு. தட்டணு (ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்) 8,000. ஈறுல ரத்தம் கசியுது, எலும்பு வலி வேற.

பதில் 1: அண்ணாச்சி, டாக்டர்ட்ட கேட்டுட்டு ரத்தக் கசிவை நிறுத்துற டிரானெக்சமிக் 500 மி.கி. மாத்திரையைப் பொடிச்சு 10 மி.லி. தண்ணியில கலக்கி, 2 நிமிஷம் வாயில வச்சுத் துப்பச் சொல்லுங்க, ஒரு நாளைக்கு 4 தடவை. சிறுநீர்ல ரத்தம் போனா இதை விழுங்கவே கூடாது, ரத்தம் உறைஞ்சு சிறுநீர்ப் பாதையை அடைச்சுக்கும். கசிவு நிக்கும்வரை பிரஷ் வேண்டாம், ஈரப் பஞ்சு போதும்.

பதில் 2: வலிக்கு டைக்ளோபினாக் ஊசி போட்டுராதீங்க. இருக்கிற தட்டணுவும் வேலை செய்யாது, குத்தின சதையில ரத்தம் கட்டும். டாக்டர் எழுதுற மார்பின் மாத்திரைதான் சரி, 4 மணி நேரத்துக்கு ஒருக்க. அது மலச்சிக்கல் தரும், அதனால முதல் நாளே மலமிளக்கியும் வேணும், எனிமா கூடாது.

பதில் 3: கருஞ்சிவப்புத் துண்டு ரெண்டு கட்டில் பக்கத்துல இருக்கட்டும். வெள்ளைத் துணியில ரத்தத்தைப் பாத்தா அவரு பயந்துருவாரு. ஆரம்ப சுகாதார நிலையத்துல, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நர்ஸ் வீட்டுக்கு வரப் பேர் கொடுங்க.