புதுப்பிப்பு: நீள்வட்டமே வென்றது
நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் எந்த வடிவில் வாங்கலாம், வட்ட வெட்டா, நீள்வட்டமா, எமரால்டு வெட்டா (மூலை மழுங்கிய நீள்சதுரம்) என்று முன்பு இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். முடிவு செய்துவிட்டோம்.

எமரால்டு முதலிலேயே கழன்றுகொண்டது. படிக்கட்டு போல் தீட்டிய அதன் முகங்கள் (பட்டைகள்) திறந்த ஜன்னல் மாதிரி. உள்ளே இருந்த கரும்புள்ளி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதே தெளிவுத் தரமுள்ள வட்டக் கல்லில் தேடியும் எதுவும் அகப்படவில்லை. 57 முகங்களின் மினுமினுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

நீள்வட்டம் அதே காரட் எடையில் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நடுவில் 'போ டை' (கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி முடிச்சு) வடிவில் நிழல் விழும் என்று நீங்கள் எச்சரித்தது சரிதான். முதல் கல்லைக் கடை விளக்கில் பார்த்தபோது குறையே இல்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்க் குனிந்தேன். குறுக்கே ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி! பார்ப்பவரின் தலை வெளிச்சத்தை மறைப்பதும் இதற்குக் காரணமாம். அதற்காகத் தலையைக் கழற்றி வைத்துவிட்டா மோதிரத்தைப் பார்ப்பது?

ஐந்தாவது கல்லில் நிழல் மெல்லியது, விரலை அசைத்தால் கரைந்துவிடுகிறது. நீள அகல விகிதம் 1.4. அதையே எடுத்தோம்.

சதுரமான பிரின்சஸ் வெட்டைப் பரிந்துரைத்தவர்கள் மன்னிக்கவும். அதற்குச் சிதறக்கூடிய நான்கு கூர்மூலைகள்; அணியப்போகிறவளோ கதவு, மேசை எதையும் இடிக்காமல் கடந்ததில்லை.