இத்தாலியப் பாணித் தோட்டத்துக்கு நெல்லையில் எந்தச் செடிகள்?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் முன்புறம், சீராகக் கத்தரித்த வேலியும் மண்தொட்டிகளுமாக இத்தாலியப் பாணியில் தோட்டம் அமைக்க விரும்புகிறேன், சென்ற ஆண்டு வாங்கிய லாவெண்டர் சித்திரை வெயிலில் கருகிவிட்டதால், வேறு எவற்றை நடலாம் என்று கூறுங்கள்.

பதில் 1: அந்தப் பாணிக்கு வடிவமே உயிர், பூக்கள் பிறகுதான். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் சைப்ரஸ் மரத்துக்குப் பதிலாக நெட்டிலிங்கமும், பாக்ஸ்வுட் என்னும் குற்றுச்செடி வேலிக்குப் பதிலாக மருதாணியும் பொருந்தும். இத்தாலியில் குளிர்காலத்தில் எலுமிச்சைத் தொட்டிகளை உள்ளே தூக்கி வைப்பார்கள். புளியங்குடி எலுமிச்சை விளையும் நம் சீமையில் அந்தப் பாடு இல்லை.

பதில் 2: அண்ணாச்சி, இத்தாலியர் சமையலில் இடும் பேசிலும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம்தான், இலையைக் கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். அரளியும் மத்தியதரைக்கடல் பகுதிக்கு உரியதே, ஆயினும் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்க்கவும்.

பதில் 3: ரோஸ்மேரி என்னும் மணமூலிகைக்கு வெயிலைவிட ஐப்பசி மழைதான் எமன். மணல் மிகுதியாகக் கலந்த தொட்டியில் நட்டு, அடைமழையில் தாழ்வாரத்துக்கு மாற்றியபின் என் செடி வேர் அழுகாமல் நிற்கிறது.