பழைய நூல்களில் பள்ளி நிர்வாகத்துக்கு நிஜமாகவே உதவுவது எது?

தண்டையார்பேட்டை எச்.எம்.
உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு இந்த ஜூனில்தான் தலைமையாசிரியை ஆனேன். அடுத்த மாதப் பயிற்சியில் 'பாரம்பரிய அறிவும் பள்ளித் தலைமையும்' என்று நான் பேச வேண்டுமாம். 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு இந்தத் தலைப்பு எங்கும் ஓடுகிறது, ஆனால் நான் கேட்டவரைக்கும் ஒரு சாணக்கியர் படம், ஒரு சுலோகம், கைதட்டல், டீ, அவ்வளவுதான். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ச் செய்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கே ஆளில்லாத பள்ளி எங்களுடையது.

வியாசர்பாடி வாத்தியார்
மேடம், குறளில் தெரிந்துவினையாடல் பாருங்கள். 'இதனை இதனால் இவன்முடிக்கும்' என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த குறள், 518, ஆள் பொருத்தம் என்று கண்டபின் அவனை அந்த வேலைக்கு உரியவனாகவே ஆக்கிவிடு என்கிறது. அதாவது எமிஸை இளம் டீச்சர் தலையில் கட்டினால் போதாது, அவருக்கு இரண்டு பீரியடாவது குறைக்க வேண்டும், முடிவெடுக்கவும் விட வேண்டும். நம் ஆட்கள் வேலையைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை மேசை டிராயரில் பூட்டிக்கொள்வார்கள்.

காசிமேட்டுக்காரன்
பாரம்பரியம் என்றாலே எனக்கு உதறல்தான். உத்திரமேரூர் குடவோலையை, அதாவது ஊர் வாரியத்துக்குக் குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆள் தேர்ந்த முறையை, யாராவது கொண்டுவருவார்கள் பாருங்கள், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு. அதில் நிற்க வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். எங்கள் குப்பத்தில் எவன் தேறுவான்? 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறதே, அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் மறுபடி நிற்க முடியாது. எத்தனை எஸ்.எம்.சி.யில் கணக்கை வாசிக்கிறார்கள்? கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் மீன் விற்கப் போன அம்மாக்கள் எப்படி வருவார்கள்?

பெரம்பூர் ரிட்டயர்டு
சட்டாம்பிள்ளையை, அதாவது திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாணவனை, மறந்துவிட்டீர்களே. 1789இல் எழும்பூரில் தொடங்கிய அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தன் பள்ளியில் முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டார் (வாத்தியார் சொன்ன 518 இதுதான்). 1797இல் லண்டனில் அவர் அறிக்கை அச்சாகி, இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறீர்கள் அல்லவா, மலர்ப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அரும்போடு உட்கார வையுங்கள். அதற்காகக் காலிப் பணியிடத்துக்கு இதைச் சாக்காக்கினால் அந்தப் பிள்ளையின் படிப்பு போகும். அப்புறம் திண்ணைப் பள்ளிப் பிரம்பையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடாதீர்கள்!

தண்டையார்பேட்டை எச்.எம்.
நன்றி. 518ஐயும் கணக்கு விதியையும் பேசுகிறேன், குடவோலையில் யார் நிற்க முடியாது என்பதையும் சேர்த்தே. காசிமேட்டுக்காரரே, எஸ்.எம்.சி. கூட்டத்தை மாலை ஆறுக்கு வைத்தால் வருவார்களா? டீச்சர்களை அதுவரை இருக்கச் சொல்ல வேண்டும், அதுதான் யோசனையாக இருக்கிறது.