ஸ்மோக்கி மவுண்டன் ரெஸ்லிங்: ஒரு எபிசோடை எப்படிப் பார்ப்பது, எப்படி எடைபோடுவது (அனுபவப் பகிர்வு)

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஓடிய தொழில்முறை மல்யுத்த டி.வி. நிகழ்ச்சியான ஸ்மோக்கி மவுண்டன் பற்றி எழுதும் பலர் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மேட்சை மட்டும் தனியே வெட்டிப் பார்க்கிறார்கள், இரண்டரை ஸ்டார், மூன்றே கால் ஸ்டார் என்று மார்க் போடுகிறார்கள், முடிந்தது விமர்சனம். அந்த அளவுகோலால் இந்த நிகழ்ச்சியின் பாதி அருமை கைநழுவிப் போகிறது.

திரையில் வில்லன்களின் மேனேஜராகவும் வரும் ஜிம் கார்னெட் 1991-ல் தொடங்கிய கம்பெனி இது. பின்னால் பணத்துணை நின்றவர் இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின். கிழக்கு டென்னசி, கென்டக்கியின் மலைப்பக்கம், அதையொட்டிய வர்ஜீனியா, வட கரோலினா: முக்கியமாக இதுதான் வட்டாரம். 1992 பிப்ரவரியில் டி.வி.க்கு வந்தது, 1995 கடைசியில் மூடப்பட்டது. பெரிய கம்பெனிகளுக்கு இருந்த பே-பெர்-வியூ வருமானம் இதற்குக் கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட ஜிம்மிலும் நகர அரங்கிலும் விற்கும் டிக்கெட்தான் சோறு போட்டது. ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் வரும் ஒவ்வொரு துண்டையும் ஒரே கேள்வியால் உரசிப் பாருங்கள்: இது எந்த மேட்சுக்கு டிக்கெட் விற்கிறது?

செய்முறை இது. விளம்பரம் போக ஒரு எபிசோட் முக்கால் மணி நேரம் இருக்கும். முதல் தடவை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் தடவை ஒரு தாளை நான்கு பத்தியாகக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனையாவது நிமிடம், என்ன நடந்தது, யார் உயர்ந்தார் யார் தாழ்ந்தார், அடுத்து எங்கே போகிறது. நான்காவது பத்தி காலியாகவே நிற்கும் துண்டு, எவ்வளவு ரசிக்கும்படி இருந்தாலும், எபிசோடில் தொங்கல்தான். நல்ல வாரங்களில் அந்தப் பத்தியில் காலி இடமே இருக்காது. தோற்பதற்கென்றே வருகிறவரை வைத்து இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் ஜாபர் மேட்சுக்குக்கூட வேலை இருக்கும். மேட்ச் ஓடும்போதே வர்ணனையாளர்கள் பாப் காடிலும் டச் மான்டெலும் அடுத்த பகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். காடில், கரோலினாவின் பழைய மல்யுத்த கம்பெனியான மிட்-அட்லாண்டிக் காலம் தொட்டு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பழகிய குரல். அவர் பதறினால் நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று ஜனம் நம்பும். அதனால் அவர் எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறார் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ப்ரோமோவுக்கு, அதாவது மைக்கில் எதிராளிக்குச் சவால் விடும் பேச்சுக்கு, தனிச் சோதனை உண்டு. எதிராளி யார், ஏன் பகை, என்ன வகை மேட்ச், எந்த ஊரில் எந்த நாள். பேச்சு முடியும்போது இந்த நான்கும் பார்க்கிறவர் மனதில் தங்கியிருக்க வேண்டும். கார்னெட் மூச்சுவிடாமல் பேசுவதைப் பலர் வெறும் வேகம் என்று புகழ்கிறார்கள். அவ்வளவு வேகத்திலும் இந்த நான்கில் ஒன்றையும் அவர் தவறவிடுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

* * *

மேலே உள்ளதோடு டேப்பிங் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் எழுதினால் தீர்ப்பு கோணலாகிவிடும்.

இவர்கள் வாராவாரம் பதிவு செய்தவர்கள் கிடையாது. ஒரு மாலையில் ஒரு பள்ளி ஜிம்முக்குப் போய்ப் பெரும்பாலும் நான்கு வாரத்துக்கான நிகழ்ச்சியை ஒரேயடியாக எடுத்துவிடுவார்கள். முதல் டேப்பிங் 1991 அக்டோபரில், தென் கரோலினாவின் கிரீன்வில்லில், அது டி.வி.யில் வந்தது 1992 பிப்ரவரியில். அதனால் விமர்சனத்தின் தலைப்பில் இரண்டு தேதியும் இருக்கட்டும்: எடுத்த தேதி, ஒளிபரப்பான தேதி. ஒன்றை மட்டும் போட்டால் அடுத்து வருகிறவர் குழம்புவார்.

இதனால் வரும் சிக்கல்கள் மூன்று. ஒன்று, கூட்டத்தின் களைப்பு. முதல் வாரத்துக்கான பகுதியில் மர பெஞ்சுகள் அதிர அதிரக் கத்துகிற அதே ஜனம், மூன்று மணி நேரம் கழித்து நான்காம் வாரத்துக்கான பகுதியில் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கும். டி.வி.யில் பார்க்கிறவருக்கு ஒரே மாதத்தில் அந்தப் பகை ஆறிப்போன மாதிரி தெரியும். பழியைக் கதைமேல் போடாதீர்கள். எடுத்த வரிசையில் அது எத்தனையாவது என்று பாருங்கள்.

இரண்டு, காயம். இரண்டாம் வாரத்தில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஆங்கிள் (கதைத் திருப்பம்) எடுத்தால், மூன்றாம் நான்காம் வாரத்தில் அவர் ரிங்குக்கு வரக் கூடாது, அல்லது கட்டுப்போட்டு வர வேண்டும். அந்த மாலை நான்கு வாரக் கணக்கும் எழுதுகிறவர் தலையில் இருந்தாக வேண்டும். ஸ்மோக்கி மவுண்டனில் இந்தக் கணக்கு அநேகமாகப் பிசகுவதில்லை. அது பெரிய திறமை, விமர்சனத்தில் எழுதப்பட வேண்டியது.

மூன்று, ‘பீட் தி சாம்ப்’ டி.வி. பட்டம். வாராவாரம் அதைக் காக்க வேண்டும், ஐந்து வாரம் தாக்குப்பிடித்தால் பரிசு. டி.வி.யில் ஒரு மாத உழைப்பாகத் தெரிவது, அரங்கில் ஒரே மாலையில் அடுத்தடுத்து நடந்தது. நான்காம் வார மேட்சில் சாம்பியன் மூச்சிரைப்பது நிஜ மூச்சிரைப்பு. அதை நடிப்பு என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

* * *

நாம் பார்க்கும் வீடியோ நகல் பற்றி இன்னும் சொல்லவில்லை.

இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி ரசிகர்கள் வீட்டில் பதிவு செய்த வி.எச்.எஸ். டேப்பின் நகலின் நகல். டி-120 டேப்பில் எஸ்.பி. என்ற சாதாரண வேகத்தில் 2 மணி நேரம் பிடிக்கும், இ.பி. என்ற மெதுவான வேகத்தில் 6 மணி நேரம். காசு மிச்சம் என்று பலர் இ.பி.யில்தான் போட்டார்கள். டேப் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுவதால், ஓரத்தில் இருக்கும் சாதாரண ஒலித்தடத்தில் உச்ச அதிர்வெண்கள் மங்கிவிடும். கைதட்டல், விசில், பெண்கள் குழந்தைகள் போடும் கூச்சல் எல்லாம் அந்த உச்சத்தில்தான் இருக்கிறது. போதாததற்கு வி.சி.ஆர். தானாகவே ஒலியளவைச் சமப்படுத்தும்; திடீரென்று வெடிக்கும் ஆரவாரத்தை அமுக்கிவிடும். ஆக, ‘கூட்டம் செத்துக் கிடக்கிறது’ என்று எழுதுமுன் ஹை-ஃபை ஒலியோடு உள்ள நகல் கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கண்ணால் பாருங்கள்: முன் வரிசை எழுந்து நிற்கிறதா, கைகள் மேலே போகின்றனவா.

படமும் அப்படித்தான். மூலம் அமெரிக்க டி.வி. முறையான என்.டி.எஸ்.சி., நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டு (பாதிப் படம்). நம் பக்கத்து பால் (PAL) டி.வி. முறைக்கு மாற்றிய நகலில் 25 ஃப்ரேமாகச் சுருங்கி அசைவு தத்தித் தத்திப் போகும். குத்து விழுந்ததா, காற்றில் போனதா என்பதை அதில் தீர்மானிக்க முடியாது. டிஜிட்டலாக்கும்போது இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் குழைக்காமல் தனித்தனி ஃப்ரேமாகப் பிரித்து 59.94-ல் வைத்துக்கொண்டால் குத்து, விழுகை, ரெஃப்ரி கை தரையில் படும் இடம் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று: ஒரே எபிசோடின் இரண்டு நகல்கள் சில நிமிடம் நீளம் மாறி இருந்தால் பயப்பட வேண்டாம். ஊருக்கு ஊர் தனி ப்ரோமோ எடுத்து, அந்தந்த ஸ்டேஷனுக்குப் போகும் பிரதியில் செருகுவார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செருகலில்தான் அன்றைய வியாபாரம் இருக்கிறது.

* * *

ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் – ஹெவன்லி பாடீஸ் பகையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகிர்வு நிறைவாகாது. ரிக்கி மார்ட்டன், ராபர்ட் கிப்சன் ஒரு பக்கம்; டாம் ப்ரிச்சர்ட், ஸ்டான் லேன் மறுபக்கம், கூடவே டென்னிஸ் ராக்கெட்டோடு கார்னெட். 1993-ல் லேன் போய் ஜிம்மி டெல் ரே வந்தார். இந்த மேட்சுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தால் தெற்கத்தி டேக் டீம் (கூட்டாளியின் கையைத் தொட்டு மாறி மாறி ஆடும் ஜோடி மேட்ச்) இலக்கணமே கைக்கு வந்துவிடும்.

முதல் பகுதியில் நல்லவர்களான எக்ஸ்பிரஸின் கை ஓங்கியிருக்கும். வில்லன்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு அவமானப்படுவார்கள். அதன் வேலை ஜனத்தைச் சிரிக்க வைத்துத் தளர்த்துவது. பிறகு ஒரு சூது: ரெஃப்ரி திரும்பியிருக்கும் நேரத்தில் மார்ட்டன் அடிபட்டு எதிரிகளின் மூலையில் மாட்டிக்கொள்வார். அந்தச் சூது எந்த நொடியில், எதனால் நடந்தது என்று எழுதுங்கள். மேட்சின் அச்சாணி அதுதான். அடுத்தது ஹீட், வில்லன்கள் மேல் ஜனத்தின் கோபம் ஏறும் பகுதி. மார்ட்டன் கூட்டாளியை நோக்கி ஊர்ந்து போவார், விரல் நுனி படும் தூரத்தில் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். ஒரு தடவை நிஜமாகவே டேக் நடக்கும், ரெஃப்ரி பார்த்திருக்க மாட்டார், கிப்சனைத் திருப்பி அனுப்புவார். அவரைத் திருப்பி அனுப்பும் அந்த நேரத்தில் பின்னால் இருவரும் சேர்ந்து மார்ட்டனை அடிப்பார்கள். ஜனம் ரெஃப்ரியைத் திட்டும். கடைசியில் ஹாட் டேக் (மார்ட்டன் ஒருவழியாகத் தப்பி கிப்சனைத் தொட்டு உள்ளே விடுவது), பிறகு ஃபினிஷ்.

தடுக்கப்படும் டேக் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு அல்லது மூன்று இருந்தால் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். ஐந்தாறு ஆனால் ஜனம் நம்பிக்கை விட்டுவிடும், ஹாட் டேக்குக்குச் சத்தம் வராது. ஒன்றுகூட இல்லையென்றால் கிப்சன் உள்ளே வருவதில் விசேஷமே இல்லை. மார்ட்டனின் முகத்தையும் கவனியுங்கள். அடி வாங்கும்போது முகம் கூட்டத்தின் பக்கமே திரும்பியிருக்கும், கேமராவைத் தேடுவதில்லை.

ஒரே ஜோடிகளின் பகை வெளியூரில் எப்படி மாறுகிறது என்பதற்கு இரண்டு மேட்ச் போதும். 1993 பிப்ரவரி 21, ஆஷ்வில், பெரிய கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் சூப்பர்பிரால்: எக்ஸ்பிரஸ் ஜெயித்தது. ஆஷ்வில் அந்த மலைநாட்டு ஊர், கதை தெரிந்த ஜனம் அங்கே இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24, பாஸ்டன் கார்டன், இன்னொரு பெரிய கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் சர்வைவர் சீரிஸ்: ப்ரிச்சர்டும் டெல் ரேயும் ஸ்மோக்கி மவுண்டன் டேக் பட்டத்தையே அங்கே ஜெயித்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பகை வளர்த்த டி.வி. பாஸ்டனுக்குப் போகவில்லை. அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மேட்ச் நன்றாக இருப்பது வேறு, அதற்கு ஜனத்தைத் தயார் செய்திருப்பது வேறு என்பது வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

* * *

பக்கத்து வட்டாரமான மெம்ஃபிஸோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஊர்க் கம்பெனியான யு.எஸ்.டபிள்யூ.ஏ. சனிக்கிழமை காலையில் டபிள்யூ.எம்.சி. ஸ்டேஷன் ஸ்டுடியோவிலிருந்து 90 நிமிடம் நேரலை. மைக் பிடித்த டேவ் பிரவுன் அதே ஸ்டேஷனில் வானிலை சொல்பவர். அந்த 90 நிமிடமும் திங்கள் இரவு மிட்-சவுத் கொலிசியத்துக்கு ஆள் சேர்க்க. அதனால் அங்கே மேட்சின் நீளத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஸ்டுடியோவில் முழுசாகக் கொடுத்துவிட்டால் திங்கள்கிழமை யார் வருவார்கள்? நேரலையில் தடுமாற்றமும் இருக்கும்: பேட்டி நீண்டு அடுத்த மேட்ச் பாதியில் அறுந்துபோகும். அதை ஸ்மோக்கி மவுண்டனின் கச்சிதத்தோடு நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது.

விதிகளும் வேறு. மெம்ஃபிஸில் பைல்டிரைவர் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் மோதவிடும் பிடி) தடை, போட்டால் டிஸ்குவாலிஃபிகேஷன். அது தெரியாதவருக்கு ஒரு பைல்டிரைவருக்கு ஜனம் ஏன் அப்படி அலறுகிறது என்று புரியாது. மெம்ஃபிஸ் நட்சத்திரம் ஜெர்ரி லாலர் உடுப்பின் தோள்பட்டை வாரை இறக்கினால் திருப்பி அடிக்கப் போகிறார் என்று பொருள். அதற்கு முன் எழும் சத்தத்தையும் பின் எழும் சத்தத்தையும் குறியுங்கள். 1993 எபிசோடுகளை எடுத்தால் ஒரு முக்கியச் செய்தி: டபிள்யூ.டபிள்யூ.எஃப். டி.வி.யில் லாலர் வில்லன், அந்த கம்பெனியின் முதலாளி வின்ஸ் மக்மேன் வெறும் வர்ணனையாளர். மெம்ஃபிஸில் லாலர் நாயகன், வின்ஸ்தான் வில்லன். எந்த டி.வி. பார்க்கிறோம் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

* * *

கேங்ஸ்டாஸ் பற்றி. 1994-ல் வந்த நியூ ஜாக், முஸ்தஃபா ஜோடி. மற்றவர்கள் மூன்று எண்ணும்வரை அமுக்க வேண்டும், இவர்களுக்கு இரண்டு எண்ணினாலே வெற்றி. கறுப்பினத்தவருக்கான இட ஒதுக்கீட்டைச் சுட்டி வைத்த விதி. பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்த அரங்கில் இனக் கோபத்தைக் கிளறி டிக்கெட் விற்றார்கள். நியூ ஜாக்கின் பேச்சாற்றல் அசாதாரணமானது. ஆனால் ‘செம ஹீட்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையில்லை. அந்த ஹீட் எதிலிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும். வேலை பலித்தது என்பதையும், அதற்குப் பயன்படுத்திய சரக்கு கேடானது என்பதையும் ஒரே பத்தியில் எழுத இடமிருக்கிறது.

* * *

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வரிசை சொல்லிவிடலாம். 1992 மே 22 நாக்ஸ்வில் வாலண்டியர் ஸ்லாம்: பட்டப் போட்டித் தொடரின் கடைசிச் சுற்றில் பால் ஆர்ன்டார்ஃபை வென்று பிரையன் லீ முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். நேராக அங்கே போகாதீர்கள். பிப்ரவரியிலிருந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டு வந்து அதைப் பாருங்கள், லீ ஏன் ஜெயித்தாக வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். பிறகு எக்ஸ்பிரஸ் வந்திறங்கும் பகுதி. 1993-ல் லீ தடம் மாறி வில்லனாகிப் பெண் மேனேஜர் டேமி ஃபிட்ச்சோடு சேரும் வாரங்களை வரிசை கலையாமல் பாருங்கள்.

1994 ஆகஸ்ட் 5 நைட் ஆஃப் லெஜண்ட்ஸ் கார்டில் கிறிஸ் ஜெரிக்கோவும் லான்ஸ் ஸ்டார்மும் ஹெவன்லி பாடீஸோடு மோதியது உண்டு. அன்றே ஷூட்டிங் ஸ்டார் ப்ரெஸ் (உயரத்திலிருந்து குட்டிக்கரணம் போட்டு எதிராளி மேல் விழும் வித்தை) பயிற்சியில் ஜெரிக்கோ கையை முறித்துக்கொண்டு, முறிந்த கையோடு மேட்சை முடித்தார். அவர் எந்தக் கையால் தூக்குகிறார், எந்தப் பக்கமாக விழுகிறார், எந்த இடங்களில் ஸ்டார்ம் கூடுதல் பாரத்தை ஏற்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். ஸ்டார் கணக்கு அதற்குப் பிறகு போதும்.

1995-ல் யூனபாம் என்ற பெயரில் வரும் நெடியவர்தான் பின்னாளில் நாம் அறிந்த கேன், 2018-ல் நாக்ஸ்வில் இருக்கும் அதே நாக்ஸ் கவுண்டியின் மேயரானவர். அல் ஸ்னோவோடு அவர் ஆடிய டேக் மேட்சுகளில் உயரத்தை மட்டும் பார்க்காமல், ரிங் கயிற்றுக்கு வெளியே எங்கே நின்று டேக் வாங்குகிறார் என்று பாருங்கள். தொடக்க மாதங்களில் தடுமாறுவார், கோடையில் சரியாகிவிடும்.