டெபியன், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளங்களின் வழிகாட்டிகளில் நீங்கள் திருத்தியது என்ன?

நான் தொடங்குகிறேன். டெபியன் 10-லிருந்து 11-க்கு மாற, மென்பொருள் எங்கிருந்து வரும் என்று குறித்திருக்கும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் 'பஸ்டர்' (10-இன் பெயர்) என்று இருக்கிற இடத்திலெல்லாம் 'புல்ஸ்ஐ' (11-இன் பெயர்) என்று மாற்றுங்கள், அவ்வளவுதான், என்று ஒரே வரியில் முடித்திருந்த ஒரு வழிகாட்டியை 2021 கடைசியில் பார்த்தேன். முந்தைய வெளியீடுகளுக்கு அது சரிதான். 11-ல் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் பிரிவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதுவரை வெளியீட்டுப் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு 'அப்டேட்ஸ்', இனி இடைக்கோடு போட்டு 'செக்யூரிட்டி'. காரணம் நியாயமானது, இடைக்கோடு போட்ட 'அப்டேட்ஸ்' என்று வேறொரு பிரிவு ஏற்கெனவே இருந்தது, ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

வெளியீட்டுப் பெயரை மட்டும் மாற்றினால், பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையை ஓட்டும்போது ரிலீஸ் கோப்பு இல்லை என்று பிழை வரும். பிழை வந்தால்கூடப் பரவாயில்லை, அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு அதைச் செயலிழக்கச் செய்து வாயை அடைத்துவிடுகிறார்களே, அதுதான் வினை. மற்றதெல்லாம் ஒழுங்காக ஏறும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் எட்டிப் பார்க்காது, திரையில் ஒரு எச்சரிக்கையும் இருக்காது.

திருத்தத்தை அனுப்பியதும் அந்தப் பக்கத்தைக் கவனிப்பவர் பழைய வரியை அழித்துவிடலாமே என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டெபியன் 9-க்கு நீண்டகால ஆதரவு 2022 ஜூன் வரை இருந்தது, அதிலிருந்து 10-க்குப் போகிறவருக்குப் பழைய வரிதான் சரி. கடைசியில் இரண்டும் நின்றன, எது எந்த வெளியீட்டுக்கு என்று மேலேயே எழுதி.

———

நான் திருத்தியது எஸ்யூ கட்டளை, வேறொரு பயனராக மாறுவதற்கானது. பழைய குறிப்புகள் எல்லாமே எஸ்யூ கொடுத்து ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகு, பிறகு பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் ஓட்டு என்றுதான் சொல்லும். டெபியன் 10-லிருந்து வெறும் எஸ்யூ கொடுத்தால் சாதாரணப் பயனரின் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) அப்படியே தங்கிவிடும், நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவுகள் அதில் இருக்காது, 'கட்டளை இல்லை' என்று பதில் வரும். ரூட்டாக இருந்துகொண்டே யூசர்மாட் இல்லை என்றால் புதியவர் என்னதான் செய்வார், எந்தப் பொதியை நிறுவுவது என்று தேடக் கிளம்பிவிடுவார்.

எஸ்யூவுக்குப் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு இடைக்கோடு, திருத்தம் அவ்வளவே. ஆனால் சரிபார்த்தவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து எடுத்துவிட்டார்! அப்புறம் இடைக்கோடு எதற்கு என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினேன், இப்போது யாரும் கைவைப்பதில்லை.

———

இரண்டு பேரும் டெபியன் பக்கம். நான் ஃப்ரீபிஎஸ்டியின் மேன் பக்கம் (கட்டளைக்கான உதவிப் பக்கம்) ஒன்றில் ஒரு விருப்பத்தேர்வின் விளக்கத்தை மாற்றி எழுதினேன், வாக்கியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, மூலக்கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிற, படிக்கும்போது பக்கத்தின் அடியில் தெரிகிற தேதியை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்கள். பொருள் மாறினால் தேதியும் மாற வேண்டும், எழுத்துப்பிழைக்குத் தேவையில்லை, அங்கே வழக்கம் அப்படி. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது எந்த மேன் பக்கத்தைத் திறந்தாலும் நேராகக் கடைசிக்குப் போய் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்கிறேன். அனுப்புமுன், மேன் பக்கத்தில் வடிவப் பிழைகளைத் தேடும் மேன்டாக்கின் லின்ட் சோதனையை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், பாதிக் கேள்விகள் வராது.