'கட்-ஆஃப் பீம்': மிதிவண்டி விளக்குக்கு ஒரு சொல் தேவை

நண்பர்களே,
குளிர்கால மிதிவண்டி விளக்குகள் பற்றிய கையேட்டில் 'கட்-ஆஃப் பீம்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அங்கே விற்கும் முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல், மேலே ஒரு நேர்கோட்டோடு நின்றுவிடும்; அதுதான் கட்-ஆஃப் பீம். இப்போதைக்கு 'ஒளிவெட்டு' என்று போட்டிருக்கிறேன்.

———

> 'ஒளிவெட்டு'

மின்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது, ஐயா. விளக்கு அணைந்துவிட்டதாகவே படிப்பார்கள். பொருளும் பொருந்தவில்லை. ஜெர்மன் விதிப்படி 10 மீட்டர் தொலைவில் நடுப்புள்ளியில் குறைந்தது 10 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) விழ வேண்டும்; அதற்கு 3.4 பாகைக்கு மேல் 2 லக்ஸைத் தாண்டக் கூடாது. மேலே அறவே இருட்டில்லை, வெளிச்சம் சட்டென்று குறைகிறது, அவ்வளவே.
'தாழ்கற்றை' எப்படி?

———

அது காரின் லோ பீமுக்கு இருக்கட்டும். இந்த விளக்குகள் பலவற்றில் ஹை பீமே கிடையாது. போதாததற்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானோடு வேறு குழம்பும். 'மறைப்பு' என்றும் வேண்டாம்: நம்மூர் லாரி விளக்கில் வைக்கும் கறுப்புப் பொட்டு ஒளியை மறைத்து வீணாக்குகிறது, இங்கே பிரதிபலிப்பான் மேலே போகும் ஒளியையும் சாலைக்குத் திருப்பிவிடுகிறது. மூடுபனியில் இதன் அருமை தெரியும். டார்ச் போல வட்டமாக அடிக்கும் விளக்கு கண்ணெதிரே வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும், பெட்டியில் எத்தனை லூமன் (விளக்கு உமிழும் மொத்த ஒளி) போட்டிருந்தாலும்.

என் பரிந்துரை: கோட்டுக்கு 'ஒளிவரம்பு', கற்றைக்கு 'வரம்புக்கற்றை'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்தபின் ஒளிவரம்பைப் பாருங்கள். விளக்கின் உயரத்தைவிட 5 செ.மீ. தாழ்ந்திருந்தால் சரி. விளக்கை ஹேண்டில்பாருக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒளிவரம்பும் கவிழ்ந்துவிடும். வெளிச்சமெல்லாம் எதிராளி முகத்தில்."

———

ஒளிவரம்பு நன்று, எடுத்துக்கொள்கிறேன். 'வரம்புக்கற்றை' வாயில் கொஞ்சம் இடறுகிறது, ஆனாலும் இருக்கட்டும்.

கையேட்டின் பேட்டரிப் பக்கத்தை எழுதுபவருக்கு ஒரு திருத்தம்: "குளிரில் சார்ஜ் இறங்கும்" என்பதோடு விடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். வெளியிலிருந்து கொண்டுவந்ததும் செருகாமல், அறைச்சூட்டுக்கு வந்தபின் செருகச் சொல்லுங்கள்.

அடுத்தது 'ஸ்டாண்ட்லைட்'. டைனமோ விளக்கு, சிக்னலில் சக்கரம் நின்றபிறகும் மின்தேக்கியின் தயவில் சில நிமிடம் எரியுமே, அது. 'நிலையொளி' என்றால் மின்னாமல் எரிவது என்றாகிவிடும். 'நிற்பொளி'?