கிறிஸ்துமஸ் தீவுக்குப் போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

நான் தூத்துக்குடிக்காரன், பல்க் கேரியர்ல (தாது, தானியம் மாதிரி சரக்க மூட்டை கட்டாம ஏத்துற கப்பல்) வேலை பாத்தேன். ஒரு ஜனவரில பாஸ்பேட், அதான் உரத்துக்குப் போற தாதுப்பொடி, ஏத்த கிறிஸ்துமஸ் தீவுக்குப் போனோம், ஆஸ்திரேலியாவோடதுதான், ஆனா பெர்த்துல இருந்து 2,600 கிலோமீட்டர், ஜாவாதான் கிட்ட. அங்க கப்பல் அணைஞ்சு நிக்க ஜெட்டி கிடையாது, மிதவைல கயிறு கட்டி நிறுத்தணும், கரைல இருந்து நீட்டிக்கிட்டு வர்ற லோடர்தான் பொடியக் கொட்டும். அந்த சீசன்ல அலை தூக்கி அடிக்குது, சரி நங்கூரம் போட்டு நிப்போம்னா அதுவும் முடியாது, தீவே கடலுக்குள்ள இருந்து எழும்பின மலை உச்சி, கரைய விட்டா கிடுகிடு ஆழம். ஒம்பது நாள் சும்மா மிதந்தோம்.

லோடு ஏத்துறப்ப ஒரு மலாய்ப் பெரியவர் மேல வந்தாரு. சிங்கப்பூர்ல கத்துக்கிட்ட அரைகுறை மலாய வச்சுப் பேசினேன். 1987-ல கவர்மென்ட் சுரங்கத்த மூடிருச்சாம், அப்புறம் வேலை போனவங்களே யூனியனோட சேர்ந்து காசு போட்டு திரும்பத் தொறந்தாங்களாம். பொடி பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியா பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு உரமாப் போகுது. பேசிட்டே இருந்தவர் மெதுவா, "வெங்காயம் இருக்கா?"ன்னாரு. எங்கள நிறுத்துன அதே அலை சாமான் கப்பலையும் நிறுத்திருச்சு! குக் அரை மூட்டை குடுக்க ரெடி, சீஃப் ஆபீசர்தான் வெளிநாட்டுக் காய்கறிய எறக்கினா க்வாரன்டீன்காரன் ஃபைன் போடுவான்னு தடுத்துட்டாரு. கடைசில மெஸ்ல உக்கார வச்சு வெங்காய பஜ்ஜி போட்டுக் குடுத்தோம், பன்னெண்டு சாப்பிட்டாரு.

---

அண்ணை, நான் பெர்த்தில இருக்கிறன். 2010இல மொழிபெயர்ப்பு வேலைக்கு அங்க போனனான், எங்கட ஈழத்து ஆக்கள் தஞ்சம் கேட்டு படகில வந்து தடுப்பு முகாமில இருந்த காலம். தீவுச் சனத்தை விட முகாமில ஆக்கள் கூட. தங்க ஒரு அறை கிடைக்காது, அதிகாரியள், காவல்காரர் எல்லாம் பிடிச்சு வச்சிருந்தவை. கடைக்காரச் சீன அம்மா வாடகை ஏறிப்போச்செண்டு திட்டுவா, ஆனா அவட கடையில நிக்க இடமில்லை. பிளேனில வாற மரக்கறியின்ர விலையைக் கேட்டா வாங்க மனம் வராது. அதுக்கு முதல் கசினோ ஒண்டு 1993இல திறந்து, இந்தோனேசியப் பணக்காரர் வந்து விளையாடி, 1998இல பூட்டினதாம். முகாமையும் 2018இல பூட்டி அடுத்த வருசமே திறந்தவங்கள். என்ர காசும் அந்த முகாமாலதான் வந்தது, அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரித்தான் இருக்கு.

---

அந்தத் தீவுல இருக்குற செவப்பு நண்டு பாத்தீங்களா தம்பி? நாங்க கப்பல விட்டே எறங்கல. சமைக்கலாமா அது?

---

தொடக்கூடாது அண்ணை, சட்டம். நண்டுக் கூட்டம் கடக்குது எண்டு ரோட்டைப் பூட்டி, நான் வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனனான்.